இரண்டு சிறுமலை

எங்கள் வீட்டு மர அலமாரியின் மேல் தட்டில் ஒரு தோல் பெட்டி இருக்கிறது. வார் அறுந்துவிட்டது, மூடியின் பித்தளைக் கொக்கி மட்டும் இன்னும் மினுங்குகிறது. அதற்குள் இருப்பது என் தாத்தாவின் தூரதிருஷ்டிக் கண்ணாடி. பைனாகுலர் என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். 6 × 30 என்று பொறித்திருக்கும். பக்கத்தில் 1943 என்ற வருஷமும் கோழிக்கால் போல ஓர் அம்பு முத்திரையும். அந்த அம்பு, "இது சர்க்கார் சொத்து" என்பதற்கு வெள்ளைக்காரன் வைத்த அடையாளம்.

அந்தக் கண்ணாடியை 1993ஆம் வருஷம் நான் கெடுத்தேன். கெடுத்த கதையைச் சொல்லப் புகுந்தால் பர்மா யுத்தம், ஜெர்மனியின் கண்ணாடி உலைகள், லண்டனில் சினிமாவுக்குத் துப்பாக்கி வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனி எல்லாவற்றையும் தொட்டாக வேண்டியிருக்கிறது. வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலம். தெருவில் யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் டெக் வரும். இரவு முழுக்க மூன்று படம் ஓடும். அப்படி ஓர் இரவு, இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவே, யாரோ தவறுதலாகக் கொண்டுவந்த 'ஸ்டார் வார்ஸ்' ஓடிற்று. பெரியவர்கள் தூங்கிவிட்டார்கள். வெள்ளைக் கவசம் போட்ட ஆகாய சிப்பாய்கள் வரிசையாக ஓடிவந்து சுட்டார்கள். சிவப்புச் சிவப்பாக ஒளிக் கீற்றுகள் பறந்தன. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வியப்பினால் அல்ல, அந்தத் துப்பாக்கியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்ற சந்தேகத்தினால்.

பார்த்துத்தான் இருந்தேன். திண்டுக்கல்லுக்கு மந்திரிமார் வரும் நாட்களில் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நிற்கிற போலீஸ்காரர் தோளில் தொங்குமே, ஓட்டை ஓட்டையாகக் குழாயும், பக்கவாட்டில் வளைந்த தோட்டாப் பெட்டியுமாக, அதேதான்! "இது நம்ம போலீஸ் ஸ்டென்கன்டா" என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. ஆகாய சிப்பாய்க்கும் திண்டுக்கல் போலீசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான்.

சம்பந்தம் இருந்தது என்று தெரிய எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. அது ஸ்டென்கன் அல்ல, ஸ்டெர்லிங். ஜார்ஜ் பாட்செட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. 1953இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. பிறகு அதையே நம் நாட்டில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் கார்பைன் என்ற பெயரில் ஆயிரமாயிரமாகச் செய்தார்கள். நம் ராணுவத்துக்கும் போலீசுக்கும் அது போயிற்று. 1984 அக்டோபர் 31 காலையில் டில்லியில் இந்திரா காந்தியின் மேல் சத்வந்த் சிங் சுட்டது அந்த ஜாதித் துப்பாக்கியால்தான். சினிமாவில் ஒளிக் கீற்று விடுகிற சாமான் என்று நான் நினைத்த ஒன்றின் பூர்விகம் இது.

அந்தப் படத்தை 1976இல் லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் எடுத்தார்கள். எடுத்தவர் ஜார்ஜ் லூகாஸ். அதுவரை வந்த ஆகாயப் படங்களிலெல்லாம் ஆயுதம் என்றால் வெள்ளி வர்ணம் பூசிய மர பொம்மையாக இருக்கும். அழுக்கு, கீறல், துரு ஒன்றும் இராது. நம் ஊரிலும் 1963இல் எம்.ஜி.ஆர். நடித்த 'கலை அரசி' வந்திருக்கிறது. வேற்றுக் கிரகத்து மனிதர்கள் பறக்கும் தட்டில் வந்து இறங்குவார்கள். அந்தக் காலத்து ஆகாயம் எந்த நாட்டிலும் பளபளப்பாகத்தான் இருந்தது. லூகாஸ் வேறு மாதிரி நினைத்தார். ஆகாயத்திலும் மனிதன் வாழ்ந்து புழங்கினால் சாமான்கள் பழையதாகும், அடிபடும், ஒட்டுப்போடப்படும் அல்லவா? பணமும் தாராளமாக இல்லை. எனவே அவருடைய அரங்க அலங்காரக்காரர் ரோஜர் கிறிஸ்டியன், பாப்டி என்ற கம்பெனியின் கிடங்குக்குப் போனார். சினிமாக்காரர்களுக்கு நிஜத் துப்பாக்கிகளை வாடகைக்குக் கொடுக்கிற கம்பெனி அது.

அங்கே ஸ்டெர்லிங்கை எடுத்துக் குழாயைச் சுற்றி பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டினார். வளைந்த தோட்டாப் பெட்டியைக் குட்டையாக்கினார்கள். ஆனாலும் அது துப்பாக்கியாகவே இருந்தது. ஆகாய சாமானாக ஆகவில்லை. அப்புறம் பழைய ராணுவத் தூரதிருஷ்டி ஒன்றைத் தலைமேல் ஏற்றினார்கள். சட்டென்று அதற்கு ஒரு முகம் வந்துவிட்டது.

இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். இரும்புக் குழாய்க்கு ஒரு லென்ஸைப் பொருத்தியதும் அது ஏன் உயிர் பெற்றதுபோல் ஆகிறது? கோயில் சிற்பத்துக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று எனக்கு அபிப்பிராயம். கண் இருந்தால் அது நம்மைப் பார்க்கிறது. பார்க்கிற பொருளுக்கு நாம் பயப்படுகிறோம்.

அவர்கள் ஏற்றிய கண் எது என்பதுதான் வேடிக்கை. எம்38 என்ற அமெரிக்க டெலஸ்கோப். இரண்டாம் உலக யுத்தத்தில் ஷெர்மன் டாங்கியின் கூரையில் ஒரு பெரிஸ்கோப் இருக்கும். பீரங்கிக்காரன் குறிபார்ப்பதற்காக அதற்குள் இந்தக் குழாயைச் செருகியிருப்பார்கள். அது உருவத்தை ஒன்றரை மடங்குகூடப் பெரிதாக்காது. அந்தப் படத்து வெள்ளைச் சிப்பாய்கள் ஒரு குண்டையாவது குறி தப்பாமல் சுட்டதில்லை என்று ரசிகர்கள் கேலி செய்வது உலகப் பிரசித்தம். குற்றம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. போதாக்குறைக்கு அந்தத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு யாராலும் அதில் கண்ணை வைக்கவே முடியாது.

கதாநாயகர்களில் ஒருவனான ஹான் சோலோவின் துப்பாக்கிக்கு இன்னும் பழைய வம்சம். அது 1896இல் வந்த ஜெர்மன் மௌசர் கைத்துப்பாக்கி. 1898இல் சூடானில் ஓம்துர்மான் சண்டையில் இளைஞர் வின்ஸ்டன் சர்ச்சில் இடுப்பில் வைத்திருந்தது மௌசர்தான். (சர்ச்சில் புகைத்தது திண்டுக்கல் சுருட்டு என்று எங்கள் ஊரில் சொல்லாதவர் இல்லை. ஆகவே அந்தத் துப்பாக்கியிலும் எங்களுக்கு ஒரு சின்னப் பாத்தியதை உண்டு.) அதன்மேல் ஏற்றியது வெட்ஸ்லார் நகரத்து ஹென்சோல்ட் கம்பெனியின் ஜெர்மன் தூரதிருஷ்டி. கிழவர் கெனோபியின் ஒளிவாள் பிடியிலோ முதல் யுத்தத்துத் துப்பாக்கி வெடிகுண்டின் துண்டு ஒன்றும், ஜெட் எஞ்சினின் குழாய் ஒன்றும், குளியலறைக் குழாயின் திருகுப்பிடி ஒன்றும் சேர்ந்திருக்கின்றன. இளைஞன் லூக்கின் ஒளிவாள் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் பழைய பிளாஷ் பிடி. இந்தக் கதம்பத்துக்கு 1978இல் கலை அமைப்புக்கான ஆஸ்கார் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற நால்வரில் கிறிஸ்டியனும் ஒருவர். ஹான் சோலோவின் துப்பாக்கி ஒன்று 2022இல் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

இதெல்லாம் தெரியாமலே நானும் அதையே செய்தேன்.

பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. ஆகாய நாடகம் போடலாம் என்று முடிவாயிற்று. துப்பாக்கி என் பொறுப்பு. எங்கள் தெருவில் பூட்டுப் பட்டறை ஒன்று இருந்தது. மாங்காய்ப் பூட்டுக்குத் தகடு வெட்டுகிற சத்தத்தில்தான் நான் பாடம் படித்து வளர்ந்தேன். திண்டுக்கல்காரன் கையில் அரமும் பித்தளையும் கிடைத்தால் சும்மா இருக்க மாட்டான். 1755இல் ஹைதர் அலி இந்த ஊருக்குப் பவுஜ்தாராக வந்தபோது பிரெஞ்சுக்காரர்களின் ஒத்தாசையோடு ஓர் ஆயுதச் சாலையே இங்கே வைத்தார். அந்த வழியில் வந்தவன் நான் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது சொல்லிக்கொள்ள நன்றாயிருக்கிறது.

பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை வெட்டினேன். பூட்டு ஸ்பிரிங் வைத்து விசை செய்துகொடுத்தார் பட்டறைக்கார அண்ணன். எல்லாம் முடிந்தும் அது தண்ணீர்க் குழாயாகவே இருந்தது. கண் வேண்டும். அலமாரியில் இருந்த பெட்டி ஞாபகம் வந்தது.

"தாத்தாகிட்டக் கேட்டியாடா?" என்றார் அண்ணன்.

"கேட்டுட்டேண்ணே" என்றேன்.

நடுவில் இருந்த கீலின் திருகைக் கழற்றினோம். இரண்டு குழலும் தனித்தனியாக வந்தன. வலது குழலின் மேல்மூடியையும் ஆசையாகத் திறந்தேன். உள்ளே முக்கோணக் கண்ணாடிக் கட்டிகள் இரண்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக உட்கார்ந்திருந்தன. ஒன்றைத் தொட்டேன். அசைந்தது. அவ்வளவுதான்.

அந்தக் கட்டிகளின் வேலை என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். லென்ஸ் மட்டும் இருந்தால் உருவம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்தவும், நீளமான குழாயை உள்ளங்கைக்குள் மடக்கவும் இத்தாலியர் இக்னேசியோ போரோ 1854இல் ஒரு வழி கண்டார்: ஒளியை முக்கோணக் கட்டிகளுக்குள் நாலு தடவை திருப்பிவிடுவது. நல்ல கண்ணாடி அப்போது இல்லாததால் அந்த யோசனை நாற்பது வருஷம் தூங்கிற்று. ஜெர்மனியில் யேனா நகரத்து ஸைஸ் கம்பெனி 1894இல் அதை எழுப்பியது. இரண்டு குழல்களும் மயிரிழை பிசகாமல் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். ஒரு கட்டி இம்மி நகர்ந்தால் வலக்கண் ஓர் உலகத்தையும் இடக்கண் இன்னோர் உலகத்தையும் பார்க்கும்.

நல்ல கண்ணாடிக்கு ராஜ்யங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1914இல் யுத்தம் மூண்டபோது பிரிட்டனுக்கு வேண்டிய ஒளியியல் கண்ணாடியில் பத்தில் ஒரு பங்குதான் அதன் சொந்த உலைகளில் உருகிற்று. பெரும்பங்கு ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. எதிரியிடம் கண்ணை வாங்கி எதிரியையே பார்க்க வேண்டிய நிலை! லார்ட் ராபர்ட்ஸ் என்ற கிழத் தளபதி, ஒரு காலத்தில் நம் மதராஸ் ராணுவத்துக்குத் தலைவராக இருந்தவர், பொதுஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள் விட்டார்: குதிரைப் பந்தயத்துக்கும் நாடகத்துக்கும் வைத்திருக்கிற கண்ணாடிகளைச் சிப்பாய்களுக்கு இரவல் கொடுங்கள் என்று. ஜனங்கள் கொடுத்தார்கள். அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் கடற்படை உதவிச் செயலாளராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் அதே வேண்டுகோளை விட்டார். சட்டப்படி தானமாக வாங்கக் கூடாது என்பதால் கண்ணாடி ஒன்றுக்கு ஒரு டாலர் கொடுத்தார்கள்; யுத்தம் முடிந்து தப்பிப் பிழைத்தவற்றைத் திருப்பியும் தந்தார்கள். இரண்டாம் யுத்தத்தின்போது நம் நாட்டிலேயே 1943இல் டேராடூனில் ஒளிக்கருவித் தொழிற்சாலை எழும்பிற்று. 1950இல் கல்கத்தாவில் திறந்த மத்திய கண்ணாடி ஆராய்ச்சிக் கூடத்தில் ஒளியியல் கண்ணாடியை நாமே உருக்கக் கற்றுக்கொண்டோம். இவ்வளவு பெரிய ராஜ்யங்கள் தவம் கிடந்த பொருளைத்தான் நான் பூட்டுப் பட்டறையில் வைத்துக் கிளறினேன்.

நாடகம் பிரமாதமாக நடந்தது. என் துப்பாக்கிக்குக் கைதட்டல். தாத்தா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் நானே குழலைக் கழற்றி, கீலில் பூட்டி, பெட்டியில் வைத்தேன். தெரியாது என்று நினைத்தேன்.

தாத்தாவுக்கு ஒரு வழக்கம். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று கண்ணாடி வைத்துச் சிறுமலைப் பக்கம் பார்ப்பார். மலை உச்சியில் மேகம் தங்கினால், "நாளைக்கு இறங்கும்" என்பார். பாதி நாள் இறங்காது. அன்றைக்கும் பார்த்தார். கண்ணாடியை இறக்கித் துடைத்தார், மறுபடி பார்த்தார்.

"ஏண்டா, ரெண்டு சிறுமலை தெரியுது" என்றார். "மழையும் ரெண்டு பங்கா வருமோ?"

நான் அழுதுவிட்டேன். அடித்திருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

அந்தக் கண்ணாடியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு புராணம் உண்டு. பர்மாவில் தாத்தா ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் உயிரைக் காப்பாற்றினார், அவர் தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டார் என்பது அது. உறவுக்காரர்கள் கல்யாணப் பந்தலில்கூட இதைச் சொல்வார்கள். மேஜர், கர்னல், பிரிகேடியர் என்று அதிகாரியின் பதவி வருஷத்துக்கு வருஷம் உயரும். "தாத்தா, மேஜர் கொடுத்ததை நான் கெடுத்துட்டேனே" என்று நான் விம்மினபோது அவர் சிரித்தார்.

"எந்த மேஜர்டா? யுத்தம் முடிஞ்சு டிஸ்போசல்ல கூடை கூடையாப் போட்டு வித்தான். நின்னு வாங்குனேன்."

அவர் சப்ளை கம்பெனியில் லாரி ஓட்டினவர். 1945 மார்ச்சில் மெய்க்டிலாப் பக்கம் இருந்தார். அந்த ஊரைப் பிடித்தது 17ஆவது இந்திய டிவிஷனும் 255ஆவது இந்திய டாங்கிப் படையும். அந்த டாங்கிகள் ஷெர்மன்கள். டாங்கிக்கு எரிபொருள், குண்டு, தண்ணீர் கொண்டுபோவது இவர் வேலை. டாங்கிக்காரப் பையன்கள் கூரைத் துளை வழியாக வெளியே பார்ப்பார்களாம். "அதில என்ன தெரியும் தாத்தா?" என்றேன். "ஒருத்தன் என்னை ஏத்திக் காட்டினான். பொட்டுப் போல வெளிச்சம். நடுவுல கோடு. அந்தக் கோட்டுக்கு நேரா ஒரு பனமரம். அவ்வளவுதான்" என்றார். சிறிது நேரம் கழித்து, "அந்தப் பையன் திரும்பலை" என்றார்.

தாத்தா காலமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு, எம்38 என்ற பெயரையும் அது எந்த டாங்கியில் இருந்தது என்பதையும் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. டெக் வாடகை இரவில் நான் பார்த்த ஆகாய சிப்பாயின் கண்ணும், பனமரத்தைத் தாத்தாவுக்குக் காட்டிய கண்ணும் ஒரே குடும்பம்.

இன்று அந்த டெலஸ்கோப்புகளை உலகம் முழுக்கத் தேடுகிறார்கள். படத்தில் வந்தது போலவே துப்பாக்கி செய்து வைத்துக்கொள்வது பல தேசங்களில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. அச்சில் வார்த்த போலிக் கண்ணாடி போதும் என்கிறவர்கள் ஒரு கட்சி. யுத்தத்தில் இருந்த அசல்தான் வேண்டும் என்கிறவர்கள் இன்னொரு கட்சி. இரண்டாம் கட்சியாரின் பக்தி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பக்திக்காக நல்ல நிலையிலுள்ள கருவியை அறுத்துத் துளை போடுகிறார்களே, அங்கேதான் எனக்கு நெருடுகிறது. கிறிஸ்டியன் செய்த காலத்தில் அவை கிடங்குக் குப்பை. இப்போது அப்படி அல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்தக் காலத்துத் திசைகாட்டிகளிலும் அளவுக் கருவிகளிலும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளிர்வது நின்றுபோனால் விஷமும் போயிற்று என்று அர்த்தமில்லை. ரேடியத்தின் வீரியம் பாதியாகவே 1600 வருஷம் ஆகும். சில டாங்கிக் கண்ணாடிகளில் தோரியமும் உண்டு. பதின்மூன்று வயதுப் பையன்கள் திருகைக் கழற்றுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கெட்ட கண்ணாடியைச் சரிசெய்ய நான் முயலாமல் இல்லை. வில்லியம் லாம்டன் கதையைப் படித்த தைரியம். இந்தியாவை அளந்த அந்த மனிதரின் மாபெரும் தியோடலைட் கருவி 1808இல் தஞ்சாவூர்க் கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு நழுவி மோதி வளைந்துபோயிற்று. ஆறு வாரம் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து, திருகும் ஆப்பும் வைத்து இம்மி இம்மியாக இழுத்து அதை நேராக்கினார் அவர். எனக்கு ஆறு வாரப் பொறுமை இல்லை. மதுரையில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "புதுசு வாங்கிக்கங்க சார்" என்றார்.

தாத்தா புதிதாக வாங்கவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது குழலில் மட்டும் பார்த்தார். வலது குழலில்தான் நான் கை வைத்தேன் என்பதால் சிறுமலை சற்றே மேற்கே நகர்ந்திருக்கும். பாதகமில்லை என்றார். கடைசி வரை அப்படித்தான் மழை பார்த்தார்.

போன மாதம் ஓர் இளைஞன் வந்தான். எங்கள் ஊர்ப் பையன். குறும்படங்களுக்குத் துப்பாக்கி, வாள், கவசம் எல்லாம் செய்துகொடுக்கிறான். வீட்டில் மெஷின் வைத்து பிளாஸ்டிக்கை இழை இழையாக ஊற்றி உருவம் வார்க்கிறான். யாரோ சொல்லித் தாத்தாவின் கண்ணாடி விஷயம் தெரிந்துகொண்டு, விலைக்குக் கேட்டான். "எப்படியும் கெட்டுப்போனதுதானே சார்?" என்றான். நியாயமான கேள்வி. நான் கேட்காமல் எடுத்ததைக் கேட்டு எடுக்க வந்தவன் அவன்.

விலைக்குத் தரவில்லை. இரண்டு நாள் வைத்துக்கொண்டு அளவெடுத்துக்கொள் என்றேன். வாரக் கடைசியில் கறுப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த குழல் ஒன்றைக் கொண்டுவந்தான். பத்தடி தூரத்தில் வைத்தால் எது தாத்தாவினது என்று எனக்கே தெரியவில்லை. 6 × 30, 1943 எல்லாம் அப்படியே இருந்தன. அம்பு இருக்க வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று காலியாக இருந்தது.

"அது சர்க்கார் சொத்துன்னு அடையாளமாமே சார். போடலாமா, கூடாதா?" என்று கேட்டான்.

இந்தக் கண்ணாடியை சர்க்கார் 1946இலேயே என் தாத்தாவுக்கு விற்றுவிட்டது, ஆகையால் வேண்டாம் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடிக் கொடுத்தான். கொக்கியை மாட்டி அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன்.